குழாய் எங்கே வைக்கலாம் என்று யாரைக் கேட்டார்கள்?

தண்ணீர், கழிப்பறை, சாக்கடை பற்றிய எந்தத் திட்ட அறிக்கையைத் திறந்தாலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் கண்ணில் படும். ‘விளிம்புநிலை மக்களின் குரலுக்கு இடமளிக்கப்படும்’ என்ற வரியும் கூடவே வரும். அதைப் படிப்பவர்களில் ஒரு சாரார், கூட்டம் போட்டு நாலு பேரைப் பேசவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இன்னொரு சாரார், குழாய் பதிப்பது பொறியாளர் வேலை, இதில் ஊராரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். இரண்டு பேருமே விஷயத்தின் நடுப்பகுதியைத் தவறவிடுகிறார்கள். அந்த நடுப்பகுதி என்ன என்று முதலிலிருந்து பார்க்கலாம்.

## சமைப்பவரைக் கேட்காமல் கட்டிய சமையலறை

ஒரு வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள். மேடை எவ்வளவு உயரம், பாத்திரம் கழுவும் தொட்டி எந்த மூலையில், அலமாரி எங்கே என்று வீட்டில் எல்லாரையும் கேட்கிறார்கள். தினமும் அந்த அடுப்பின் முன்னால் நிற்பவரை மட்டும் கேட்கவில்லை. வேலை முடிந்து பார்த்தால் மேடை அவர் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால்தான் தண்ணீரைக் கொட்ட முடியும். கொத்தனார் வேலையில் ஒரு குறையும் இல்லை, சிமெண்டும் நல்ல சிமெண்ட்தான். ஆனால் இனி இருபது வருடத்துக்கு முதுகு வலிக்கப்போவது ஒருவருக்குத்தான்.

செருப்பு எங்கே கடிக்கிறது என்று போட்டிருப்பவருக்குத்தான் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. மேடை இறுகிய பிறகு அவரைக் கேட்டால் பிரயோசனமில்லை. இறுகுவதற்கு முன்பே கேட்டு, “சரி, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு நினைத்தபடியே கட்டினாலும் அதே கதைதான். தெரிந்தவர் சொல்ல வேண்டும். மாற்ற முடிகிற நேரத்தில் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தட்டிக்கழிக்க முடியாத ஏற்பாடும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க ‘குரல்’ என்று சொல்லப்போகிறேன்.

## மூன்று சொற்கள்

கொள்கை என்றால் தடிமனான புத்தகம் என்று பயப்பட வேண்டாம். யாருக்குத் தண்ணீர், எவ்வளவு, எங்கே வரை, எத்தனை மணிக்கு, யார் செலவில் என்ற முடிவுகளின் தொகுப்புதான் அது.

துப்புரவு வசதி என்பது கழிப்பறையோடு முடிவதில்லை. மலம் குழிக்குள் அல்லது குழாய்க்குள் விழுவதிலிருந்து, அள்ளப்பட்டு, கொண்டுபோகப்பட்டு, யாருக்கும் கேடில்லாமல் சுத்திகரிக்கப்படும் வரை உள்ள முழுச் சங்கிலிக்கும் அதுதான் பெயர்.

விளிம்புநிலை மக்கள் என்பதைப் பலர் ‘ஏழைகள்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். வறுமை அதில் ஒரு பகுதி. முடிவு எடுக்கப்படும் இடத்திலிருந்து யாரெல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். சாதியால், இனத்தால், மொழியால், பாலினத்தால், உடல் குறைபாட்டால், பட்டா இல்லாத மனையில் குடியிருப்பதால், செய்யும் தொழிலால் அந்தத் தள்ளல் நடக்கலாம். பணம் இருந்தும் சக்கர நாற்காலியில் இருப்பவர் பொதுக் கழிப்பறைக்குள் நுழைய முடியாவிட்டால், அந்தக் கழிப்பறையைப் பொறுத்தவரை அவர் விளிம்பில்தான் இருக்கிறார்.

## உரிமை காகிதத்தில் இருந்தால் போதாதா?

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 2010 ஜூலை 28 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. 122 நாடுகள் ஆதரித்தன, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. பெரிய விஷயம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2022-லும் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் கிடைக்கவில்லை. துப்புரவு வசதியில் அந்த எண்ணிக்கை 350 கோடி.

காகித உரிமைக்கும் கையில் வரும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மகாட் நகரம் ஒரு சாட்சி. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-ல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்று, சவதார் குளம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானித்தது. ஆனால் அந்த மக்களில் ஒருவரும் போய்க் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்தக் குளத்தில் கை வைத்துத் தண்ணீர் அள்ளினார். அதற்குப் பிறகு அடிதடி நடந்தது. குளத்துக்குத் ‘தீட்டுக் கழிக்கும்’ சடங்கு நடந்தது. நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. அந்தக் குளம் பற்றிய வழக்கில், 1937-ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாக வந்தது. ஒரு கை தண்ணீருக்கு, தீர்மானம் வந்த பிறகும் 14 வருடங்கள்.

தீர்மானத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அதை நிறைவேற்ற வேண்டிய இடத்தில், தாகத்தோடு நின்றவர்களில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உரிமை ஒன்று, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் முடிவுகள் வேறொன்று. குரல் தேவைப்படுவது இரண்டாவதில். அந்த முடிவுகள் எங்கெங்கே எடுக்கப்படுகின்றன என்று தெரிந்தால், குரலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதும் தெரிந்துவிடும்.

## முதல் கதவு: கணக்கில் வருவது

பங்கேற்பு என்றாலே கூட்டம், மைக், மேடை என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், அதற்கு ரொம்ப முன்பே, வரைபடத்திலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. வரைபடத்தில் இல்லாத தெருவுக்குக் குழாய் போகாது. கணக்கெடுப்பில் இல்லாத குடும்பத்துக்கு லிட்டர் ஒதுக்க முடியாது.

கென்யாவின் நைரோபியில் கிபேரா என்ற மிகப் பெரிய குடிசைப்பகுதி இருக்கிறது. 2009 வரை பொது வரைபடங்களில் அந்த இடம் வெறும் வெற்றிடம். லட்சக்கணக்கானோர் வாழும் இடத்தில் ஒரு சந்துகூடக் குறிக்கப்படவில்லை. அந்த ஆண்டு அங்கேயே வாழும் இளைஞர்கள் சிலர் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என்று ஒவ்வொன்றாகக் குறித்து, யாரும் பார்க்கக்கூடிய வரைபடமாக்கினார்கள்.

பாகிஸ்தானின் கராச்சியில், ஓராங்கி என்ற குடியிருப்புப் பகுதியில் நடந்தது இன்னும் ஆழமானது. 1980-ல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே தொடங்கிய திட்டத்தில், சந்தில் உள்ள 20, 30 வீடுகள் ஒன்றுசேர்ந்து தங்கள் பணத்திலேயே கழிவுநீர்க் குழாய் பதித்தன. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, அவை போய்ச் சேரும் பெரிய வடிகால் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆனால் மக்கள் பதித்த குழாய்கள் அரசு வரைபடத்தில் கிடையாது. காகிதத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால், இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகத் தோண்டத்தான் தோன்றும். அதனால் அந்தத் திட்டத்தினர் ஒவ்வொரு குடியிருப்பாக வடிகாலையும் குழாயையும் வரைந்து அரசின் முன் வைத்தார்கள். ‘இதோ இருக்கிறது, விடுபட்டதை மட்டும் நீங்கள் கட்டுங்கள்’ என்று கேட்க முடிந்தது அந்தக் காகிதம் கையில் இருந்ததால்தான். அந்தப் பணியை முன்னின்று நடத்திய பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலமும் தண்ணீரும் எப்படிக் கைமாறுகின்றன என்பதையும் அவர் ஆவணப்படுத்திக்கொண்டிருந்தார். வரைபடம் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும்.

## இரண்டாவது கதவு: சராசரிக்குள் மறைந்தவர்கள்

கணக்கில் வந்தாலும் ‘சராசரி’ என்ற எண்ணுக்குள் காணாமல் போகலாம். மொத்தத்தைத் தலைக்கு வகுத்தால் வருவது சராசரி. ஒருவருக்கு இரண்டு சட்டை, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்றால், சராசரிக்கு ஆளுக்கொன்று இருப்பதாகத் தெரியும்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகராட்சி ஒவ்வொரு மனைக்கும் மாதம் 6,000 லிட்டர் தண்ணீர் இலவசம் என்று முடிவு செய்தது. ஒரு மனையில் 8 பேர் என்று வைத்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது கணக்கு. அந்நகரின் சொவெட்டோவில் உள்ள ஃபீரி பகுதியில் முன்பணம் செலுத்தும் மீட்டர்களும் பொருத்தப்பட்டன. இலவச அளவு தீர்ந்ததும், பணம் கட்டினால் ஒழியத் தண்ணீர் தானாக நின்றுவிடும். இதை எதிர்த்து அப்பகுதி மக்கள் 5 பேர் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவரின் மனையில் மட்டும் 20 பேர் இருந்தார்கள். 6,000 லிட்டரை 30 நாளுக்கு, 20 பேருக்கு வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 10 லிட்டர். பழைய மாதிரி ஃப்ளஷ் தொட்டியை ஒருமுறை இழுத்தாலே ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். அதற்கு மேல் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எங்கே போவது? ஏழை வீட்டில்தான் ஆட்கள் அதிகம் என்பது அந்தச் சந்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

2009-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் மக்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு நடந்த காலத்திலேயே நகராட்சி தன் கொள்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மிக ஏழைகளுக்குக் கூடுதல் தண்ணீர் தர ஏற்பாடு செய்தது. ஏன் இந்த அளவு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நீதிமன்றத்தில் விளக்க வேண்டி வந்ததால்தான் அது நடந்தது. இப்படி, முடிவு எடுப்பவர் தன் முடிவுக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்குப் பொறுப்புக்கூறல் என்று பெயர். வழக்கில் தோற்றவர்களின் குரலும் அந்த வழியாக வேலை செய்தது.

## மூன்றாவது கதவு: ஒரு கழிப்பறைக் கதவு

இது உண்மையான கதவு பற்றியது. புனேயில் 1999-ல் நகராட்சி பெரிய அளவில் சமுதாயக் கழிப்பறைகள் கட்ட முடிவு செய்து, தொண்டு நிறுவனங்களை அழைத்தது. அதில் ஒரு பகுதியை, குடிசைவாழ் பெண்களின் சேமிப்புக் குழுக்களான மஹிளா மிலனும் அதன் கூட்டாளி அமைப்புகளும் எடுத்துச் செய்தன. அந்தப் பெண்கள் வடிவமைப்பில் கை வைத்ததும் என்ன மாறியது என்று பாருங்கள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி வரிசை. ஒரே வரிசை என்றால் ஆண்கள் முந்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இரு பக்கமும் தள்ளித் திறக்கும் கதவு. கையில் தண்ணீர் வாளியும் இடுப்பில் குழந்தையுமாக வருபவருக்கு, கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறக்க மூன்றாவது கை கிடையாது. அப்புறம் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி: சின்னப் பீங்கான், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. பெரியவர்களின் பீங்கானில் உட்காரக் குழந்தைகள் பயப்படுவார்கள். வரிசையில் நின்றாலும் அவர்களைத் தள்ளிவிடுவார்கள். கடைசியில் வெளியேதான் உட்காருவார்கள்.

இதில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம், செலவும் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் வரைபட மேசையில் இருக்கும் ஒருவருக்கு இவை தானாகத் தோன்றாது, ஏனென்றால் அவர் வாளியோடும் குழந்தையோடும் அந்த வரிசையில் நின்றதில்லை. வளாகத்தில் தண்ணீர் வசதி இல்லாத வீடுகளில் பத்தில் ஏழில் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பு பெண்கள் மீதே விழுகிறது என்று உலகளாவிய கணக்கு சொல்கிறது. அப்படியானால் குழாயடியைப் பற்றி மிகுந்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள்தானே?

இதே வரிசையில், எல்லாரும் மறந்துவிடும் இன்னொரு கூட்டம் உண்டு: குழிகளையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்யும் தொழிலாளர்கள். கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் கெட்டியான கழிவுக்கு மலக்கசடு என்று பெயர். அதை அள்ளுவது எப்படி என்று யோசிக்காமல் லட்சக்கணக்கில் கழிப்பறை கட்டினால், அந்த யோசிக்காத பகுதி ஒரு மனிதனின் உடலில் போய் முடிகிறது. லாரி நுழையாத சந்தில் தொட்டி எங்கே இருக்க வேண்டும், மூடி எவ்வளவு அகலம் வேண்டும், உள்ளே இறங்கவே தேவையில்லாதபடி எப்படிக் கட்டலாம் என்பதையெல்லாம் தினமும் அந்த மூடியைத் திறப்பவர் சொல்வார். துப்புரவைப் பற்றிய கூட்டங்களில் அவருக்கு நாற்காலி போடாதது எனக்கு மன்னிக்க முடியாத குறையாகப் படுகிறது.

சுருக்கமாக, குரல் முதலில் நுழைய வேண்டியது எண்ணிக்கையிலும் அளவிலும் வடிவமைப்பிலும். இனி பணத்துக்கு வருவோம்.

## நான்காவது கதவு: பணப்பை

‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, நிதியை வேறொரு அறையில் பங்கிட்டால் கருத்துக்கு மதிப்பில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் பங்கேற்பு நிதிநிலை என்ற முறையைத் தொடங்கியது. நகரத்தின் புது முதலீட்டுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதில் குடிமக்களே நேரடியாக முடிவெடுக்கும் முறை அது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அதன் மதிப்பெண் முறை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூன்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள்: அந்த வட்டாரத்தில் எவ்வளவு மக்கள், அவர்கள் கூடி எதை முதலில் கேட்டார்கள், அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். சாக்கடையே இல்லாத பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண். அதனால் சத்தமாகப் பேசத் தெரியாத வட்டாரத்துக்கும் கணக்கே பரிந்து பேசியது. நகரத்தில் குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1988-ல் 75 விழுக்காடாக இருந்து 1997-ல் 98 விழுக்காடானதாக உலக வங்கி குறித்திருக்கிறது. அவ்வளவும் இந்த முறையால் மட்டுமே வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் பணம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அது மாற்றியது.

## கேட்பது போலக் கேட்பது

அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைப் பெயருக்கு உட்காரவைத்து வளைத்துப்போடுவதும், குறை அவர்களிடம்தான் என்று அவர்களைத் ‘திருத்துவதும்’தான் நடக்கும். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்தும் கேட்பார்கள், ஆனால் முடிவு அதிகாரத்தில் இருப்பவர்களிடமே இருக்கும். மேல்படிகளுக்குப் போனால்தான் முடிவில் பங்கு உண்டு. நம் காதில் விழும் ‘மக்கள் பங்கேற்பு’களில் பெரும்பாலானவை நடுப்படியைத் தாண்டுவதில்லை.

ஒரு கூட்டத்தைக் கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். வேலை நாள், காலை 11 மணி. தினக்கூலிக்காரர் வந்தால் அன்றைய கூலி போச்சு. மேடையில் அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும். பெண்கள் கடைசி வரிசையில், பாதிப் பேர் வாசலில். சுவரில் மாட்டிய வரைபடம் அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில். வீட்டு உரிமையாளர் முன்வரிசையில் இருக்க, அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் எழுந்து, “எங்கள் பக்கம் கழிப்பறையே இல்லை” என்று சொல்வாரா? முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கைரேகை. அறிக்கையில் ‘மக்களின் ஒப்புதலோடு’ என்று ஒரு வரி. அந்த அறையில் எல்லாரும் இருந்தார்கள், ஆனால் சமையலறைக் கதைதான் மறுபடியும் நடந்தது.

இதற்கு மாற்று தெரியாத ஒன்றும் இல்லை. முதலில் பெண்களோடு தனியாக, வாடகைக்கு இருப்பவர்களோடு தனியாக, துப்புரவுத் தொழிலாளர்களோடு தனியாக, அவர்கள் இடத்தில், அவர்கள் வேலை முடிந்த நேரத்தில் பேசலாம். பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் பெரிய கூட்டத்துக்குத் தங்கள் பட்டியலோடு வரட்டும். தனியாக எழுந்து பேசப் பயப்படுபவர், பின்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பேசுவார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பங்கேற்பு என்ற பெயரில் சுமையை மட்டும் மக்கள் தலையில் இறக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில், அடிபம்புகளைப் பராமரிக்கும் பொறுப்பைக் கிராமக் குழுக்களிடம் விட்டார்கள். 2009-ல் தொகுக்கப்பட்ட கணக்குப்படி, அங்குள்ள அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேலை செய்யாமல் கிடந்தன. உதிரிபாகம், மெக்கானிக், பணம் எதுவும் கைக்கெட்டாமல் குழு மட்டும் இருந்து என்ன செய்யும்? பொறுப்பு கொடுத்தால் அதிகாரமும் நிதியும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அரசு கைகழுவுவதற்கு இன்னொரு பெயர்.

## கூட்டம் முடிந்த பிறகு

ஒரு திட்டத்தில் குரலுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்று பார்க்க, நான் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கமாட்டேன். திரும்பி வந்து சொன்னார்களா என்றுதான் கேட்பேன். மக்கள் 10 கோரிக்கை வைத்தார்கள் என்றால், எத்தனை ஏற்கப்பட்டன, ஏற்காதவற்றுக்கு என்ன காரணம், ஏற்றதற்கு எவ்வளவு பணம், எந்த மாதம் வேலை தொடங்கும் என்பது அவர்கள் மொழியில், அவர்கள் தெருமுனையில் எழுதி ஒட்டப்பட வேண்டும். தப்பாகப் போனால் முறையிட ஓர் இடமும், முறையிட்டவர் மேல் கை வைக்க முடியாத பாதுகாப்பும் வேண்டும்.

இதைத் தொடங்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தை, போன கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தவர்கள் சொன்னது என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட ஒதுக்கினால் போதும்.